பள்ளியில் வயோலாதான் இருக்கிறது என்றார்களா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். கோயம்புத்தூரில் இருந்து லண்டன் வந்து நான்கு மாதம் ஆகிறது. ஒன்பது வயது மகளுக்குப் பள்ளியில் வயலின் கேட்டதற்கு, வயலின் எல்லாம் போய்விட்டது, வயோலா ஒன்றுதான் மீதி இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா, பின்னாளில் அதை வைத்துப் பிழைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே பதிலை நானும் கேட்டு முகம் சுளித்தவன். அன்று எட்டு வயதாக இருந்த என் மகள் இன்று வயோலா வாசித்தும் கற்பித்தும் வாழ்கிறாள் என்பதால், அருகில் இருந்து பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

வயோலா, வயலின் குடும்பத்தைச் சேர்ந்த, அதைவிடச் சற்றுப் பெரிய கருவி. பாலமுரளிகிருஷ்ணா கச்சேரியில் வாசித்ததால் நமக்கு அந்தப் பெயராவது பழக்கம். வயலினில் உச்சத்தில் கீச்சிடும் மெல்லிய தந்தி இதில் கிடையாது. அதற்கு ஈடாக அடியில் கனத்த தந்தி ஒன்று உண்டு. அந்த ஆழத்துக்கு ஏற்ற அளவில் உடலைச் செய்தால் கையால் தாங்க முடியாது என்பதால், ஒலிக்கும் கைக்கும் இடையே ஒரு சமரசமாகவே இந்தக் கருவி உருவாகியிருக்கிறது. பெரியவர்கள் வாசிப்பவைகூட ஒரே அளவில் இருப்பதில்லை. இசைக்குறிப்பும் வேறு. வயலின் பிள்ளைகள் படிக்கும் தாளை வைத்துக்கொண்டு உங்கள் மகள் வாசிக்க முடியாது. நடுக்கோட்டை மையமாகக் கொண்ட தனிக் குறியீட்டை அவள் பழக வேண்டும். முதல் ஆண்டில் அழுகை வருமென்றால் பெரும்பாலும் இதனால்தான் வரும்.

இந்தக் கருவியைத் தொழிலாக்கியவர் யார் என்று தேடினால் லயனல் டெர்டிஸிடம் போய் நிற்பீர்கள். கிழக்கு ஐரோப்பாவில் இருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பத்தில் 1876-இல் பிறந்தவர். லண்டனின் கிழக்குப் பகுதியில் வளர்ந்தவர். ராயல் அகாதமி என்ற லண்டன் இசைக்கல்லூரியில் வயலின் படித்துக்கொண்டிருந்தவர், இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ சேர்ந்த நால்வர் குழுவுக்கு வயோலா வாசிக்க ஆள் இல்லை என்பதற்காகவே வயோலாவைக் கையில் எடுத்தார். உங்கள் மகளின் கதையும் அப்படித்தானே தொடங்குகிறது! வயலினில் தேறாதவர்களின் புகலிடம் என்று கருதப்பட்ட கருவியை அவர் தனிக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். அவருக்கும் தடுமாற்றம் இருந்தது: ஆங்கில இசையமைப்பாளர் வில்லியம் வால்டன் அவரை மனத்தில் வைத்து எழுதிய கான்செர்ட்டோவை (இசைக்குழுவோடு ஒருவர் தனித்து வாசிக்கும் படைப்பு) மிகப் புதுமையாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார், 1929-இல் ஜெர்மன் இசையமைப்பாளரும் வயோலாக் கலைஞருமான ஹிண்டமித் அதை அரங்கேற்றினார். பிறகு டெர்டிஸ் தம் தவற்றை ஒப்புக்கொண்டு தாமே அதை வாசித்தார்.

ஆனால் டெர்டிஸ் விட்டுச்சென்றதில் பெரிய பங்கு அவருடைய மாணவர்கள்தான் என்று நான் சொல்வேன். அவர்களில் ஒருவர் ரெபெக்கா கிளார்க். தந்தை வீட்டை விட்டு அனுப்பிவிட்ட நிலையில் வயோலா வாசித்தே பிழைத்த அவர், 1912-இல் ஹென்றி வுட் நடத்திய குயின்ஸ் ஹால் இசைக்குழுவில் சேர்ந்தார். லண்டனின் தொழில்முறை இசைக்குழுவில் பெண்களுக்கு இடம் கிடைத்த முதல் தருணங்களில் அதுவும் ஒன்று. 1919-இல் வயோலாவுக்கும் பியானோவுக்குமாக அவர் எழுதிய சொனாட்டாவை இன்றும் வயோலா மாணவர்கள் விடாமல் வாசிக்கிறார்கள்.

இனி வருமானம். மாதச் சம்பளம் தரும் இசைக்குழு இடங்கள் சொற்பம். தேர்வில் நன்றாக வாசித்தாலும் உடனே வேலை கிடைக்காது. சில நிகழ்ச்சிகளுக்கு அழைத்து, உள்ளே அமர்த்தி, அருகில் இருப்பவர்களோடு ஒலி கலக்கிறதா என்று பார்ப்பார்கள். என் மகளை ஓர் இசைக்குழு பதினான்கு மாதம் இப்படி வைத்திருந்துவிட்டு வேறொருவரை எடுத்துக்கொண்டது. அந்தப் பதினான்கு மாதமும் எங்கள் வீட்டில் யாரும் விடுமுறைக்கு ஊருக்குப் போகவில்லை. இன்று அவள் யாராவது வர முடியாதபோது மாற்றாக வாசிக்கிறாள். வாரத்தில் மூன்று நாள் பள்ளி பள்ளியாகச் சென்று இருபது நிமிடம், அரை மணி நேரம் என்று பாடம் எடுக்கிறாள். பள்ளி நடக்கும் வாரங்களுக்கு மட்டுமே பணம் வரும், ஆகஸ்ட் மாதம் வறட்சிதான். வரிக் கணக்கை ஜனவரி 31-க்குள் தானே தாக்கல் செய்ய வேண்டும்.

கற்பிப்பதை மேடை கிடைக்காதவர்களின் வேலை என்று நம்மவர்கள் பேசுவதை நான் ஏற்பதில்லை. சனிக்கிழமைகளில் எங்கள் கூடத்திலேயே அவள் பாடம் நடக்கும். ஒரு பையன் கருவியின் கழுத்தை இடது கட்டைவிரலால் கோழியைப் பிடிப்பதுபோல் இறுக்கிப் பிடித்திருந்தான். ஒலி மூக்கடைத்தாற்போல் வந்தது. அவள் எதுவும் சொல்லாமல் தன் சுண்டுவிரலால் அந்தக் கட்டைவிரலை இரண்டு முறை தட்டினாள். பிடி தளர்ந்ததும் அடித்தந்தி சமையலறை வரை அதிர்ந்தது. பையன் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கருவியையே பார்த்தான்.

உங்கள் மகளுக்குச் சாதகமாக ஒன்று உண்டு. வயலின் வாசிக்கும் பிள்ளைகள் குவிந்து கிடக்க, வயோலாவுக்கு ஆள் தேடுகிறார்கள். பள்ளி இசைக்குழுவிலும் மாவட்ட இளையோர் குழுவிலும் சீக்கிரம் இடம் கிடைக்கும், இசை உதவித்தொகை தரும் தனியார் பள்ளிகளும் இதைத் தனியாகக் கவனிக்கும். இசைத் தேர்வுகளின் எட்டு கிரேடையும் (நிலைகளையும்) மளமளவென்று முடிக்க மட்டும் துரத்தாதீர்கள். கிரேடு ஆறு முதல் எட்டு வரை பல்கலைக்கழகச் சேர்க்கைப் புள்ளிகள் சேரும் என்பது உண்மைதான். இசைக்கல்லூரியோ நேரில் வாசிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் சேர்த்துக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். சம்மதம் என்று எழுதிவிடுங்கள். கருவியை வாடகைக்கே எடுங்கள், அவள் வளர வளர மாற்ற வேண்டியிருக்கும். எடுக்கும்போது மகளைக் கூட்டிச் சென்று, தோளில் வைத்து இடது கையை நீட்டச் சொல்லுங்கள். நுனியில் உள்ள சுருள் அவள் உள்ளங்கைக்குள் அடங்கி, முழங்கை சற்றே வளைந்திருக்க வேண்டும். கை விறைத்து நின்றால், கடைக்காரர் என்ன சொன்னாலும் ஓர் அளவு சிறியதையே கேளுங்கள்.