மரியாதை இல்லாமல் நடத்துகிறவர்களுக்காக ஜெபித்தால் மட்டும் போதுமா, பதிலும் பேசலாமா?

இதைக் கேட்டவர் தினமும் அதே ஆளின் முகத்தில் விழிக்க வேண்டிய நிலையில் இருக்கிறார் என்று நினைக்கிறேன். ஏசிவிட்டுப் போய்விடுகிறவரை மறந்துவிடலாம். மறுநாளும் எதிரே வந்து உட்காருகிறவரை என்ன செய்வது?

நான் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். நோயாளிகள் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வருவார்கள். வந்தால் ஏறக்குறைய நான்கு மணி நேரம் எங்கள் பொறுப்பில்தான் இருப்பார்கள். அப்படி வந்த ஒரு பெரியவர் என்னை சிஸ்டர் என்று கூப்பிட்டதே கிடையாது. விரலைச் சொடுக்குவார், இல்லையென்றால் ‘ஏய்’. தண்ணீர் குடிப்பதைக் குறைக்கச் சொன்னால், “சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவள் எனக்குப் புத்தி சொல்கிறாயா?” என்று வார்டே கேட்கும்படி கத்துவார். நோயின் எரிச்சல் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். டாக்டர் வந்தால் இதே மனிதர் எழுந்து உட்கார்ந்து கும்பிடுவார். ஆள் பார்த்து வருகிற கோபம் நோயால் வருவதில்லை.

அவர் கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் ஆபரேஷன் செய்து இணைத்த ரத்தக்குழாய், இருக்கும் இடத்தைத் தொட்டால் ரத்தம் பாய்கிற அதிர்வு விரலுக்குத் தெரியும். அதைத் தடவிப் பார்த்துத் தடித்த ஊசிகள் இரண்டை ஏற்ற வேண்டும். ஒன்று ரத்தம் வெளியே போக, மற்றது திரும்பி வர. கை தவறினால் ஊசி ரத்தக்குழாயின் மறுபக்கம் குத்திக்கொண்டு போய், கை வீங்கிவிடும். சற்று முன் என்னைத் திட்டியவரின் கை அது. ஆகவே என் ஜெபம் வீட்டில் முழங்காலில் நிற்கும்வரை காத்திருக்க முடியாது. கையுறை மாட்டுகிற நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும்.

நான் சொன்னது 123ஆம் சங்கீதம். நான்கே வசனங்கள். அகந்தைக்காரரின் இகழ்ச்சியால் எங்கள் ஆத்துமா நிறைந்துபோயிற்று, எங்களுக்கு இரங்கும் என்று கர்த்தரிடம் முறையிடுவதோடு அது நின்றுவிடுகிறது. இகழ்ந்தவனை அழித்துப்போடும் என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. உடனே மத்தேயு 5:44-ஐ எடுத்துக்கொண்டு, நிந்திக்கிறவர்களுக்காக ஜெபிக்கச் சொன்னாரே இயேசு என்று சிலர் வருவார்கள். ஜெபித்தேன். அவருடைய ரத்த அழுத்தம் பாதியில் இறங்கிவிடக் கூடாது என்று அவர் பெயரைச் சொல்லியே ஜெபித்தேன். ஆனால் என் பாரத்தை முதலில் இறக்கிவைக்காமல் அவருக்காக ஜெபித்திருந்தால் அது உதட்டளவில்தான் இருந்திருக்கும்.

பிறகு ஒரு நாள் நேரில் பேசினேன். இயேசுவும் பேசியிருக்கிறார். பிரதான ஆசாரியனுக்கு முன்னால் சேவகன் ஒருவன் அவரை அறைந்தபோது, நான் பேசியது தகாதது என்றால் எடுத்துக்காட்டு, இல்லையென்றால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார் (யோவான் 18:23). மறுகன்னத்தைக் காட்டச் சொன்னவரே கேட்ட கேள்வி இது. நானும் ஊசி ஏற்றி, பிளாஸ்திரி ஒட்டி, மெஷின் ஓடத் தொடங்கிய பிறகு சொன்னேன்: “ஐயா, என் வேலையில் குறை இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். குறை இல்லையென்றால் என்னை சிஸ்டர் என்று கூப்பிடுங்கள்.” அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. சொடுக்குவது நின்றது. சாட்சிக் கூட்டத்தில் சொல்வதுபோல அவர் மனந்திரும்பினார் என்று என்னால் எழுத முடியாது.

அவரைவிட என் சபையார்மேல்தான் எனக்கு வருத்தம். இதைச் சொன்னபோது, “சிலுவையைச் சுமந்துகொள்ளம்மா” என்றார்கள். பொறுமையைப் பற்றிப் பெண்களுக்குச் செய்கிற பிரசங்கத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. முன்வரிசைக்காரர்களிடம் நாவை அடக்கச் சொல்ல யாருக்கும் துணிவில்லை. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் கோழியைப் பெரிய தொகைக்கு எடுப்பவர் பெயரை மைக்கில் ‘ஐயா அவர்கள்’ என்று இழுத்து இழுத்துச் சொல்கிறார்கள். அதை வளர்த்துக் காணிக்கையாகக் கொண்டுவந்த விதவையின் பெயரை யாரும் விசாரிப்பதுகூட இல்லை. பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், ஏழைக்கு ஓரம் என்று நடத்துவதைக் கண்டித்துத்தான் யாக்கோபு நிருபத்தின் 2ஆம் அதிகாரம் தொடங்குகிறது. அடுத்த பண்டிகை ஆராதனையில் அதை வாசிக்க வேண்டும் என்று ஆயரிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.