ஆன்லைன் விளையாட்டுக் கிளானில் (குழுவில்) சாதாரண மெம்பர்களையும் கேட்டு முடிவெடுத்தால் ஒழுங்கு கெட்டுவிடாதா?

கெடாது. எங்கள் கிளானில் கேட்காமல் இருந்தபோதுதான் கெட்டது.

நான் மலேசியாவின் பேராக்கில் இருக்கும் சுங்கை சிப்புட்காரன். கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் என்ற கைப்பேசி விளையாட்டில் எங்கள் கிளானில் பெரும்பாலும் இந்த வட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகள்தான். பாதிப் பேர் இப்போது ஈப்போவிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்கிறார்கள். அந்த விளையாட்டில் லீடர், கோ-லீடர், எல்டர், மெம்பர் என்று நான்கு படி. இன்னொரு கிளானோடு வார் (போர்) தொடங்கும் உரிமை மேல் இரண்டு படிக்கு மட்டும். 2018 அக்டோபரில் கிளான்கள் ஏழு நாள் மோதும் கிளான் வார் லீக் வந்ததும், அதில் யார் இறங்குவது, முடிந்தபின் போனஸ் மெடல் (கூடுதல் பரிசு) யாருக்கு என்பதும் அவர்கள் கைக்கே போனது. போனஸ் சிலருக்குத்தான் கிடைக்கும். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

நான் அப்போது கோ-லீடர். செம்பனை ஆலையில் இரவு ஷிப்ட் பார்க்கும் ஒரு தம்பி, ஏழு நாளும் ஒரு அட்டாக்கைக்கூடத் தவறவிடவில்லை. போனஸோ லீடரின் கூட்டாளிகளுக்குப் போனது. அதில் ஒருவர் இரண்டு நாள் எட்டியே பார்க்காதவர். தம்பி சாட்டில் ஒரு வார்த்தை எழுதாமல் கிளானை விட்டுப் போனான். அந்த வாரமே இன்னும் நான்கு பேர் போனார்கள். நான் வாய் திறக்கவில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

என் பாட்டி பால்மரம் வெட்டியவர். பெரட்டில் (காலையில் ஆள் பிரிக்கும் கூட்டத்தில்) மண்டோர் (கங்காணி) தனக்கு வேண்டியவர்களுக்கு நல்ல நிரையை (மரவரிசையை)க் கொடுத்துவிட்டு, மற்றவர்களை மேட்டுக்கு அனுப்புவாராம். ஏன் என்று கேட்க முடியாது. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில், 1960-இல், மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்குவதற்காக, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டி பத்துப் பத்து வெள்ளியாக (ரிங்கிட்டாக) கட்டி அதில் உறுப்பினர் ஆனார். பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு என்பதுதான் கூட்டுறவு. அதைச் சொல்லும்போது பாட்டியின் குரலே நிமிர்ந்துவிடும். தம்பி போன அன்று எனக்கு அந்தக் குரல்தான் ஞாபகம் வந்தது.

அப்புறம் லீடரிடம் தனியாகப் பேசினேன். மனிதர் கெட்டவர் இல்லை, கேட்டுச் செய்யும் பழக்கம் இல்லாதவர். போனஸ் விதியை மட்டும் எல்லோரும் சேர்ந்து எழுதுவோம் என்றேன், சரி என்றார். இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. 1999-இல் வந்த எவர்குவெஸ்ட் விளையாட்டிலேயே, கிடைத்த பொருளைப் பங்கிடுவதற்காக, வந்து உழைத்தவர்களுக்குப் புள்ளி போடும் முறையைக் கில்டுகள் (கிளான் போன்ற குழுக்கள்) உண்டாக்கின. டிராகன் கில் பாயின்ட்ஸ் என்று அதற்குப் பெயர்.

முதல் ஓட்டெடுப்பில் ஆறு பேர்தான் பதில் போட்டார்கள். 'இவர்களுக்கு அக்கறை இல்லை' என்று லீடர் சொன்னார். நான் ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதிக் கேட்டேன். அக்கறை நிறையவே இருந்தது; சொன்னால் கிளானை விட்டுத் தூக்கிவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது. சாட்டில் அதிகம் பேசாத, பாலர்பள்ளி ஆசிரியையான ஓர் அக்காதான் நல்ல வழி சொன்னார்: லீக்கில் இறங்கும் 15 இடத்தில் மூன்றைச் சின்ன டவுன் ஹால்காரர்களுக்கு (விளையாட்டில் இன்னும் கீழ்நிலையில் இருப்பவர்களுக்கு) ஒதுக்குங்கள், அடுத்த மாதம் ஆள் மாறட்டும். அப்படியே செய்தோம். போனஸ், ஏழு அட்டாக்கும் செய்தவர்களில் இதற்கு முன் வாங்காதவருக்கு முதலில். ஷிப்ட்காரர்கள் பார்க்க வேண்டும் என்பதால் எந்த ஓட்டெடுப்பும் ஒரு முழு நாள் திறந்திருக்கும்.

இதனால் ஒரு லீக் (ஒரு படி) கீழே இறங்கினோம். அந்த விலையை நான் மறுபடியும் கொடுப்பேன். ஆனால் வார் நடக்கும்போது யார் எதிரணியின் எந்த ஊரை அடிப்பது என்பதற்கு ஓட்டு வைக்காதீர்கள். அதை ஒருவர்தான் சொல்ல வேண்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். அந்த விளையாட்டில் மெம்பர்கள் ஓட்டுப் போட்டு லீடரை இறக்க முடியாது. அதனால் பதவியைப் பற்றிப் பேச்சை எடுக்காமல், வரும் லீக்குக்கு முன்பே போனஸ் விதியை எழுதிப் போடச் சொல்லிக் கேளுங்கள். தனியாகக் கேட்காதீர்கள், மூன்று நான்கு பேராகச் சேர்ந்து கேளுங்கள்.