காரை இறக்கிய பிறகு அலைன்மென்ட் நிற்கவில்லை, முன் டயர் உள்பக்கமாகத் தேய்கிறது. என்ன செய்வது?

நீங்கள் எழுதியதிலிருந்து எனக்குப் புரிந்தது இது: வண்டி ஸ்விஃப்ட், லோயரிங் ஸ்பிரிங் (வண்டியின் உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங்) போட்டு 40 மி.மீ. இறக்கியிருக்கிறீர்கள், அதற்கப்புறம் இரண்டு தடவை அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், பார்த்தும் முன் டயர் இரண்டும் உள்பக்கமாகத் தேய்கின்றன, வண்டி இடதுபக்கம் இழுக்கிறது, மெஷினில் இருந்தவர் "கேம்பர் (சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு) வராது சார், அப்படியே ஓட்டுங்க" என்று அனுப்பிவிட்டார். டயர் கடையில் அலைன்மென்ட் மெஷின் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், மூன்றாவது தடவையும் காசு கொடுத்து டோவை (சக்கரத்தின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவை) மட்டும் திருப்பச் சொல்லாதீர்கள். இறக்கிய வண்டிக்கு அலைன்மென்ட் கடைசி வேலை. அதற்கு முன் முடிக்க வேண்டிய சில வேலைகள் உங்கள் வண்டியில் முடியவில்லை என்றுதான் தோன்றுகிறது.

முன்பக்கம் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண். பாடி கீழே இறங்கினால் லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழே பாடியோடு இணைக்கும் கையின்) வெளிமுனை மேலே தூக்கிக்கொள்ளும், சக்கரத்தின் தலை உள்ளே சாயும், அதுதான் நெகட்டிவ் கேம்பர். அதே நேரத்தில் டை ராட் (ஸ்டீரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பி) வேறொரு வளைவில் நகர்வதால் டோவும் மாறிவிடும், இந்த மாதிரி முன்சக்கர டிரைவ் வண்டிகளில் பெரும்பாலும் டோ அவுட்டாக, அதாவது இரண்டு சக்கரமும் கால்விரலை வெளியே விரித்து நடப்பதுபோல. உள்பக்கம் தேய்ந்தால் எல்லோரும் கேம்பரைத்தான் திட்டுகிறார்கள். ஆனால் ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி நெகட்டிவ் கேம்பர் தனியாக டயரை அவ்வளவு வேகமாகத் தின்னாது, டோ தின்னும். ஒரு சக்கரம் நேர்கோட்டிலிருந்து அரை டிகிரி விலகியிருந்தால், ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த ரப்பர் சுமார் 8.7 மீட்டர் பக்கவாட்டில் உரசி இழுபடுகிறது. கேம்பர் வேறு சாய்ந்திருப்பதால் அந்த உரசல் முழுக்க உள்விளிம்பில் விழுகிறது, சில ஆயிரம் கிலோமீட்டரில் அங்கே பட்டன் (டயரின் ரப்பர் கட்டைகள்) காணாமல் போய்விடும்.

எது காரணம் என்று கையாலேயே பார்க்கலாம். டயரின் மேல் உள்ளங்கையை வைத்து உள்ளிருந்து வெளியே, வெளியிலிருந்து உள்ளே என்று தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் ரம்பம்போலக் கூர்மையாகவும் இருந்தால் டோ. இரண்டு திசையிலும் வழுவழுப்பாக, வெறும் சரிவாக உள்பக்கம் குறைந்துகொண்டே போனால் கேம்பர்.

இப்போது வேலைக்கு வருவோம். லோயரிங் ஸ்பிரிங் என்கிறீர்களே, அது அந்த வண்டிக்கென்றே வந்த ஸ்பிரிங்கா, அல்லது பட்டறையில் பழைய காயிலை வெட்டியதா, கேஸ் வைத்துச் சூடாக்கி அமுக்கியதா? வெட்டியது அல்லது சூடாக்கியது என்றால் நான் சொல்லப்போகும் எதுவும் பலிக்காது, தயவுசெய்து அதை முதலில் கழற்றுங்கள். சூடு பட்ட எஃகு தன் பலத்தை இழந்து நாளாக நாளாக இன்னும் இறங்கும், வெட்டிய முனை சீட்டில் சரியாக உட்காராது. சக்கரம் பள்ளத்தில் முழுசாகத் தொங்கும்போது ஸ்பிரிங் இடத்தை விட்டு நகர்ந்துவிடவும் கூடும், அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

சரியான ஸ்பிரிங்தான் என்றால், சமதரையில் நிறுத்தி நான்கு சக்கரத்திலும் ஹப்பின் (சக்கரத்தின் மையம்) நடுவிலிருந்து ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலுள்ள பாடி வளைவு) விளிம்புவரை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் குழப்பும். முன்னால் இடது வலது வித்தியாசம் 5 மி.மீ.க்கு மேல் இருந்தால் முதலில் அது ஏன் என்று பாருங்கள்.

பெரும்பாலும் காரணம் புஷ், அதாவது ஆர்ம் பாடியோடு சேரும் இடத்திலுள்ள ரப்பர் மூட்டு. யாரும் பேசாத இடம் இது, நான் அதிகம் பார்க்கும் கோளாறும் இதுதான். லோயர் ஆர்ம் புஷ்ஷில் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கிறது, அது உருளாது, முறுக்கிக்கொள்ளும். ஆர்ம் 35 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொண்டால் 40 மி.மீ. இறக்கத்துக்குச் சுமார் ஆறரை டிகிரி முறுக்கு. பழைய உயரத்தில் டைட் செய்த போல்ட்டை அப்படியே விட்டாலும் சரி, ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போது கழற்றிப் பூட்டினாலும் சரி, ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே கிடக்கும், ஆர்மைத் தள்ளிக்கொண்டே இருக்கும், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நிற்கும், கடைசியில் கிழியும். அதனால் நான்கு சக்கரமும் தரையில் நிற்கிற மாதிரி பிட்டிலோ ரேம்ப்பிலோ வண்டியை விட்டு, ஆர்ம் போல்ட்டுகளை லூஸ் செய்து, முன்பக்கத்தை நாலைந்து தடவை அமுக்கி ஆட்டிவிட்டு, அதே நிலையில் டார்க் ரெஞ்ச் (குறித்த இறுக்கத்தில் பூட்டும் ஸ்பானர்) வைத்து டைட் செய்யச் சொல்லுங்கள். பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் டார்ஷன் பீமின் புஷ்ஷுக்கும் இதே முறைதான். கையோடு பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், வீல் பேரிங் ஆட்டம் பார்த்துவிடலாம். ஆட்டம் உள்ள வண்டிக்கு அலைன்மென்ட் பார்ப்பது வீண்.

அப்புறம் கேம்பர். "வராது" என்று சொன்னவர் ஒரு வகையில் சரிதான், கம்பெனி அதற்கு அட்ஜஸ்ட்மென்ட் கொடுக்கவில்லை. ஆனால் ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் (சக்கரம் பொருத்தியிருக்கும் இரும்பு) சேர்க்கும் இரண்டு போல்ட்டை லூஸ் செய்து சக்கரத்தின் தலையை வெளியே இழுத்துப் பிடித்து டைட் செய்தாலே கொஞ்சம் கிடைக்கும். போதவில்லை என்றால் கேம்பர் போல்ட், அதாவது நடுவில் மெலிந்து ஒரு முட்டு வைத்த போல்ட், ஒன்றரை டிகிரி அளவுக்குத் திருப்பலாம். தரமானதாக வாங்குங்கள், டார்க் ரெஞ்ச் இல்லாமல் பூட்டாதீர்கள், தலையில் பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் நகர்ந்ததா என்று பிறகு தெரியும். தெருவில் ஓட்டும் வண்டிக்கு மைனஸ் ஒரு டிகிரி அக்கம்பக்கம் இருந்தால் நான் தொடமாட்டேன். அதைவிட முக்கியம் இடதும் வலதும் அரை டிகிரிக்குள் ஒத்துப்போவது. இடது மைனஸ் 0.5, வலது மைனஸ் 1.5 என்றிருந்தால் வண்டி இடதுபக்கம்தான் இழுக்கும், உங்கள் புகார் அதுவாகவே இருக்கலாம். நம் சாலைகள் இடது ஓரம் சரிந்திருப்பதால் லேசாக நகர்வது இயல்பு. முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள், இழுப்பு திசை மாறினால் குற்றம் டயரில்.

டோ கடைசியில்தான், ஏனென்றால் கேம்பரைத் தொட்டால் டோ கண்டிப்பாக மாறும். நான்கு சக்கரமும் பார்க்கும் மெஷினில், பின்சக்கர த்ரஸ்ட் ஆங்கிளை (பின்சக்கரங்கள் வண்டியைத் தள்ளும் திசை) பார்த்துவிட்டு, ஸ்டீரிங்கை நேராகப் பூட்டி, முன் டோ மொத்தம் பூஜ்யத்துக்கும் உள்நோக்கி 1 மி.மீ.க்கும் இடையில் வைக்கச் சொல்லுங்கள். திரையில் வரும் பச்சை, சிவப்பு எல்லாம் கம்பெனி உயரத்துக்கான கணக்கு, கேம்பர் சிவப்பில் நின்றால் பதற வேண்டாம், டோ சிவப்பில் இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். இஎஸ்பி (வண்டி சறுக்காமல் பிடிக்கும் எலக்ட்ரானிக் அமைப்பு) உள்ள மாடல் என்றால் ஸ்டீரிங் ஆங்கிள் சென்சாரை ஸ்கேனர் போட்டு ஜீரோ செய்ய வேண்டியிருக்கும்.

மெஷினில் நிற்கும்போதே ஒரு சோதனை செய்துவிடுங்கள். இரண்டு பேர் முன்பக்கத்தை அழுத்தி விடட்டும், நீங்கள் திரையில் டோ எண்ணைப் பாருங்கள். ஒவ்வொரு அமுக்கலுக்கும் அது எக்கச்சக்கமாக ஓடினால் டை ராட் கோணம் கெட்டிருக்கிறது என்று அர்த்தம், குழியில் இறங்கினால் ஸ்டீரிங் தானாக வெட்டும், எந்த அலைன்மென்ட்டும் அதைச் சரி செய்யாது. அப்படி இருந்தால் குறைவாக இறக்கும் ஸ்பிரிங்காக மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன். இன்றைய ஸ்விஃப்ட்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மி.மீ., 40 போனால் மிச்சம் 123. முறையாகப் போட்ட வேகத்தடையே 10 செ.மீ. உயரம், நான்கு பேர் ஏறினால் என்ன ஆகும் என்று நீங்களே பாருங்கள். 20, 25 மி.மீ. இறக்கம் நம் ரோட்டுக்குப் போதும், பார்க்கவும் நன்றாகவே இருக்கும்.

புது ஸ்பிரிங் ஓட ஓட இன்னும் கொஞ்சம் உட்காரும், அதனால் 500லிருந்து 1000 கி.மீ.க்குள் மறுபடியும் உயரம் அளந்து டோவை மட்டும் ஒருதரம் பாருங்கள். ஏற்கெனவே தேய்ந்த டயர் வேலை முடிந்த பிறகும் இரையும், அதை வைத்து அலைன்மென்ட் தப்பு என்று முடிவுகட்ட வேண்டாம். உள்விளிம்பில் கம்பி தெரிந்தால் மட்டும் எதற்கும் காத்திருக்காமல் இன்றே மாற்றிவிடுங்கள், ஸ்டீரிங்கை முழுசாகத் திருப்பி டார்ச் அடித்துப் பார்த்தால்தான் அது கண்ணில் படும்.