காற்று அலைக்கழிக்கும்போது கேட்டமரனைக் கரை சேர்ப்பது எப்படி?

கேள்வி: என்னிடம் இருப்பது 16 அடி கேட்டமரன், அதாவது இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகு. நடுத்தண்ணீரில் எனக்குச் சிக்கல் இல்லை. ஜெட்டியை (படகுத்துறை மேடையை) நெருங்கும்போது திடீர்க் காற்று படகை மோதவைக்கிறது. இல்லாவிட்டால் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பின்னால் போய்விடுகிறது. மணலில் ஏற்றும்போதும் இதே பாடு. என்ன செய்யலாம்?

பதில்: இரண்டு தொல்லைக்கும் வேர் ஒன்றுதான்: உங்கள் படகு மிகவும் லேசானது. பாய் இழுப்பது நின்றதும் வேகம் சட்டென்று செத்துவிடும்; கனமான படகைப் போல ஓடிவந்த வேகத்திலேயே மிதந்து வந்து சேராது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயில் விழும் விசை நான்கு மடங்காகும் என்பதால், ஒரு வீச்சு வந்தாலே பாய்ந்தும் விடும். எனவே பாயைக் கட்டுப்படுத்தும் கயிற்றை இழுத்தால் நகர்ந்து, விட்டால் நிற்கிற கோணத்தில்தான் நெருங்க வேண்டும்.

காற்று முன்பக்கத்திலிருந்து சாய்வாக, சுமார் 60 பாகையில் வரும்போது அது கிடைக்கும். பின்காற்றில் கிடைக்கவே கிடைக்காது. கயிற்றை முழுக்க விட்டாலும் பெரிய பாய், பாய்மரத்தைத் தாங்கும் பக்கக் கம்பியில் போய்ச் சாய்ந்துகொண்டு படகைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆகவே ஜெட்டியைத் தாண்டி உங்களை நோக்கிக் காற்று வரும் பக்கமாகவே அணையுங்கள். மறுபக்கம் போனால் காற்று படகை ஜெட்டியோடு அழுத்திவிடும்.

நெருங்குமுன், தூரத்திலேயே கயிற்றை விட்டுப் பாருங்கள். பாய் முழுவதும் படபடக்கிறதா? கேட்டமரன் பாயில் அதை விறைப்பாக வைக்கும் குச்சிகள் குறுக்கே முழு நீளத்துக்கும் ஓடுவதால், அரைகுறையாகத் தளர்த்தினால் பாய் வடிவம் கலையாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். பின் குறுக்குச்சட்டத்தில் ஓடும் டிராவலரையும் (பாய்க் கயிற்றின் கீழ்முனையைப் பக்கவாட்டில் நகரவிடும் அமைப்பு) அவிழ்த்து விடுங்கள். அப்போதும் படபடக்கவில்லை என்றால் கோணம் தவறு. விலகிப்போய் மறுபடி வாருங்கள். விலகிப்போக எந்தப் பக்கம் இடம் இருக்கிறது என்பதை முன்பே பார்த்து வையுங்கள்.

நின்றுபோய்ப் பின்னால் நகர்ந்தால் பதற வேண்டாம். அப்போது சுக்கான் தலைகீழாக வேலை செய்யும்: கைப்பிடியைத் தள்ளும் பக்கமே அணியமும் (படகின் முன்முனையும்) திரும்பும்.

மணல் கரையில், காற்று கரையோரமாகப் பக்கவாட்டில் வீசினால் சுலபம். கரையிலிருந்து வீசினால் மாறி மாறித் திரும்பி ஏறி வந்து, கடைசி நொடியில் சுக்கான்களைத் தூக்குங்கள். முன்கூட்டித் தூக்கினால் கைப்பிடி கனத்துப்போய் படகு சொல்பேச்சுக் கேட்காது. கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்றுதான் ஆபத்தானது. அலை உடையும் இடத்துக்கு வெளியிலேயே அணியத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்பி, பெரிய பாயை இறக்கிவிட்டு, முன்பாயை மட்டும் வைத்து உள்ளே வாருங்கள். சில படகுகளில் பெரிய பாய், பாய்மர உச்சியில் கொக்கியில் பூட்டிக்கொள்ளும், அவசரத்தில் கழலாது. அதைக் கழற்றுவதைத் தரையிலேயே பழகிவிடுங்கள்.

எந்த நிலையிலும் கையையோ காலையோ நீட்டிப் படகைத் தடுக்காதீர்கள். உடன் வருபவர் கடல் பக்கமாகவோ பக்கவாட்டிலோ இறங்கட்டும். அலையடிக்கும்போது படகுக்கும் கரைக்கும் நடுவே யாரும் நிற்கக் கூடாது. கரை தொட்டதும் அணியத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்பி வைத்த பிறகே மற்ற வேலைகளைத் தொடங்குங்கள்.