லேசிக் முடிந்தும் கண் உறுத்துகிறதா? சொட்டு மருந்தை நேரம் பார்த்துப் போடுங்கள்

கேள்வி: கண்ணாடி போடாமல் இருக்க லேசிக் என்ற லேசர் ஆபரேஷன் செய்து இரண்டரை மாதம் ஆகிறது. பார்வை தெளிவாக இருக்கிறது. ஆனால் காலையில் எழுந்ததும் மணல் விழுந்ததுபோல் உறுத்தல். நாள் முழுக்க ஏசி அறையில் கம்ப்யூட்டர் வேலை, மாலையில் கண்ணில் தண்ணீர் வழிகிறது. டாக்டர் கண் வறட்சி என்கிறார். தண்ணீர் வழியும் கண் எப்படி வறண்டிருக்கும்?

பதில்: வறண்ட கண்ணில்தான் அப்படி வழியும். கண்ணை மூடியிருக்கும் கண்ணீர்ப் படலம் சீக்கிரம் உடைந்தால் கருவிழியில் எரிச்சல் வரும், உடனே தண்ணீர் கொட்டும். அது கன்னத்தில் ஓடிவிடுமே தவிர கண்ணில் தங்காது.

லேசிக்கில் கருவிழியின் மேல் அடுக்கை மெல்லிய மடலாக வெட்டித் திறக்கும்போது அங்கே ஓடும் நுண்நரம்புகளும் அறுபடுகின்றன. ஈரம் குறைவதை உணர்ந்து கண்ணீரைச் சுரக்கவும் இமைக்கவும் தூண்டுவது அந்த நரம்புகள்தான். அவை திரும்ப வளர்ந்து வேலைக்கு வர பெரும்பாலும் 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும், ஆகவே உங்களுக்கு இப்போது இருப்பது எதிர்பார்க்கக்கூடியதுதான், பயப்படாதீர்கள்.

ஆனால் கண்ணை ஈரமாக வைக்கும் சொட்டு மருந்தை உறுத்தும்போது போட்டுக்கொள்ளலாம் என்று மட்டும் இருக்காதீர்கள். உணர்த்த வேண்டிய நரம்பே மந்தமாக இருக்கிறது, கண் சொல்லும்போது மேற்பரப்பு ஏற்கெனவே காய்ந்திருக்கும். மொபைலில் அலாரம் வைத்து, டாக்டர் சொன்ன இடைவெளியில் போடுங்கள். கண்ணில் ஒரு சொட்டுக்கு மேல் நிற்காது, வேறு மருந்தும் இருந்தால் 5 நிமிடம் விட்டுப் போடுங்கள். வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் அல்லது சோடியம் ஹயலுரோனேட் என்று இருக்கும், அது சரி, கூடவே மருந்து கெடாமல் இருக்கச் சேர்க்கும் பென்சால்கோனியம் குளோரைடு என்ற பிரிசர்வேட்டிவ் இருந்தால் அடிக்கடி போடுகிறவருக்கு அதுவே கண்ணின் மேற்பரப்பைப் புண்படுத்தும். பிரிசர்வேட்டிவ் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடத்தான், ஆனாலும் இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். காலை உறுத்தலுக்கு இரவில் கண்ணுக்கான ஜெல் உதவும். ஃபேன் காற்று நேராக முகத்தில் படாமல் படுங்கள்.

திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பதே பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது, அதுவும் அரைகுறையாக. அவ்வப்போது நிறுத்தி, மேல் இமை கீழ் இமையைத் தொடும்படி மெதுவாகப் பத்து முறை மூடித் திறங்கள். பைக்கில் போனால் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். அப்புறம், சளிக்கும் அலர்ஜிக்கும் போடும் செட்டிரிசின் மாதிரி மாத்திரைகளும் முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினோயினும் வறட்சியைக் கூட்டும், சாப்பிடுகிறீர்கள் என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பன்னீர், தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு எதுவும் வேண்டவே வேண்டாம், கிருமி போனால் கருவிழியே புண்ணாகிவிடும். சிவப்பு போக்கும் சொட்டும் வேண்டாம். ஸ்டீராய்டு சொட்டை நீங்களாக நீட்டித்துப் போட்டால் கண் அழுத்தம் ஏறும்.

இவ்வளவு செய்தும் குறையவில்லை என்றால் கண்ணின் அழற்சியைக் குறைக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு, கண்ணீர் வடியும் துளையை அடைக்கும் பிளக் என்று வழிகள் இருக்கின்றன, அடுத்த பரிசோதனையில் கேளுங்கள். கடும் வலி, திடீர் மங்கல், வெளிச்சத்தில் கூச்சம், சீழ், கண்ணில் அடி, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.