ஆப்பிரிக்க கால்பந்து கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ஏன் இரண்டு ஆட்டம்? சமமானால் கோப்பை யாருக்கு?

ஒரே ஆட்டம் என்றால் யார் ஊரில் வைப்பது என்று சண்டை வரும். 2022-ல் அதுதான் நடந்தது, காசாபிளாங்காவில் விடாட் தன் சொந்த மைதானத்திலேயே கெய்ரோவின் அல் அஹ்லியை 2-0 என்று ஜெயித்தது. அல் அஹ்லிக்குச் செம கோபம், நியாயம்தான். 2023-ல் பழையபடி ஊருக்கு ஒன்று என்று மாற்றினார்கள், மோதியதும் அதே இரண்டு அணிகள்.

கெய்ரோவில் அல் அஹ்லி 2-1. ஆனால் 86-வது நிமிடம் விடாட் போட்ட அந்த ஒரு கோலுக்கு மவுசு அதிகம், ஏனென்றால் இரண்டு ஆட்டத்தின் மொத்த கோல் கணக்கு சமமானால் வெளியூரில் அதிக கோல் போட்ட அணிக்குத்தான் கோப்பை. அப்புறம் காசாபிளாங்காவில் 27-வது நிமிடம் விடாட் 1-0, மொத்தம் 2-2, அதாவது அப்போதைக்குக் கோப்பை அவர்களுடையது. 78-வது நிமிடம் கார்னரில் வந்த பந்தை அல் அஹ்லியின் அப்துல்மோனெம் தலையால் முட்டி உள்ளே தள்ள, மொத்தம் 3-2, கோப்பை அல் அஹ்லிக்கு.