ஆப்பிள் குக்கீ மறுநாளே பிசுபிசுத்துப் போனால்

சோடா உப்பைக் கூட்டினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதைக் கூட்டாதீர்கள், ஆப்பிளில் இருக்கும் தண்ணீரைக் குறையுங்கள். சுட்ட அன்று மெத்தென்று இருந்த குக்கீ மறுநாள் டப்பாவுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசுபிசுக்கிறது என்கிறீர்களே, அதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான். ஆப்பிளில் நூற்றுக்கு ஏறக்குறைய 85 பங்கு தண்ணீர், நீங்கள் அதைத் துருவி அப்படியே மாவில் போட்டிருக்கிறீர்கள்.

துருவாமல் பட்டாணி அளவுக்குப் பொடியாக நறுக்கி, ஒரு ஸ்பூன் வெண்ணெயில் பட்டை, சுக்கு, துளி ஜாதிக்காய்த் தூளோடு வதக்குங்கள். முதலில் நீர் விட்டுச் சலசலக்கும், அப்புறம் அந்தச் சத்தம் அடங்கி, கரண்டியால் ஒதுக்கினால் சட்டியின் அடி ஈரமில்லாமல் தெரியும். அப்போது இறக்கி, நன்றாக ஆறவிட்டு மாவில் சேருங்கள். சூட்டோடு போட்டால் வெண்ணெய் உருகி மாவு இளகிவிடும்.

முழுத் தட்டையும் வைப்பதற்கு முன் ஒரே ஒரு குக்கீயை 180 டிகிரியில் 12 நிமிடம் சுட்டுப் பாருங்கள். தோசை போலப் பரவினால் மாவை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள், அதற்கும் கேட்காவிட்டால் இரண்டு ஸ்பூன் மைதா.

சர்க்கரைக்குப் பதில் உடன்குடி கருப்பட்டி போட்டதாகச் சொல்லியிருக்கிறீர்கள். ருசியில் அதை அடிக்க ஆளில்லை, சுக்கோடு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம், ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பாதிக்குப் பாதி வெள்ளைச் சர்க்கரை கலந்துகொள்ளுங்கள்.

ஒன்று, இவ்வளவு செய்தாலும் ஐப்பசி மழையில் உங்கள் ஊர் பாளையங்கோட்டையில் இது இரண்டு நாளுக்கு மேல் வெளியில் தாங்காது. முழுக்க ஆறிய பிறகே டப்பாவை மூடுங்கள், அடுக்குக்கு நடுவே பட்டர் பேப்பர் போடுங்கள், மீதியை ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.